முறி என்னும் வினை

தரம் எட்டு. இரண்டாம் மொழி. நாற்பது நிமிடம்.
வெசாக் முடிந்து ஐந்தாம் நாள்.
ஜன்னலில் மறந்துபோன கூடொன்று
ஒரு பக்கத் தாள் கிழிந்து
வெறும் மூங்கில் ஈர்க்கோடு ஆடுகிறது.

பாடநூலில் பண்டிகை என்றால் பொங்கல்தான்.
ஆறாம் தரத்திலும் அதே பானை,
ஏழிலும் அதே கரும்பு,
எட்டில் மட்டும் ஒரு மாடு கூடியிருக்கிறது.
"நீங்கள் பொங்கல் உண்டீர்களா, ரீச்சர்?"
வைகாசி மாதத்தில் கேட்கிறான் நெதுல்.
இலக்கணம் சுத்தம்.
உண்டேன் என்றேன், வேறென்ன சொல்ல.

நேற்றிரவு எங்கள் ஊரில் நித்திரை இல்லை.
குளிர்த்தி நெருங்குகிறது.
ஒலிபெருக்கி விடியும்வரை அம்மனைத்தான் கூப்பிட்டது.
அக்கரைப்பற்றில் பஸ் மாறி
இறக்காமத்தடியில் தூங்கிப்போய்
அம்பாறை மணிக்கூட்டுக் கோபுரத்தில்
கொண்டக்டர் தட்டி எழுப்ப இறங்கியவள் நான்.
புத்தகத்தை மூடினேன்.

கரும்பலகையில் கொம்பு வரைந்தேன்.
இரண்டு வளைந்த தடி, ஒன்றின் கழுத்தில் ஒன்று.
"உடுப்புக் கொழுவி" என்றான் ஒருவன்.
"தூண்டில்" என்றாள் இன்னொருத்தி
(போன வாரச் சொல், மறக்கவில்லை).
கயிறு வரைந்தேன். நுனியில்
தீக்குச்சி மனிதர்கள்.
வடசேரி. தென்சேரி.
இழுப்பார்கள், ஒன்று முறியும்வரை.

கடைசி வாங்கில் திசரி எழும்பிவிட்டாள்.
"அங் கெளிய!"
பிபிலைக்கு அப்பால் அவள் மாமாவின் ஊரில்
உடுபில, யட்டிபில.
மழை பொய்த்தால், அம்மை கண்டால்
பத்தினி தெய்யோவுக்கு இதே கொம்பு, இதே இழுவை.
தமிழில் கொஞ்சம், சிங்களத்தில் கொஞ்சம்,
மிச்சமெல்லாம் கையால் சொல்லி முடித்து
என் படம் பிழை என்றாள்.
வெண்கட்டியை வாங்கித் திருத்தினாள்:
ஒரு கொம்பை மரத்தோடு கட்டவேண்டும்.
ஆமாம், மரம்.
பிறந்ததிலிருந்து பார்க்கிறேன்,
மரத்தை விட்டுவிட்டேன்.

"ரீச்சர் எந்தப் பக்கம்?"
அப்பா வடசேரி. அம்மா தென்சேரி.
அந்தக் கிழமை முழுக்க எங்கள் வீட்டில்
ஆளுக்கொரு கறி.
"அப்ப ரீச்சர்?"
வடசேரி என்றேன்.
வகுப்பு முழுவதும் தென்சேரி ஆனது.

"தோற்ற ஆட்களுக்கு என்ன ஏசுவார்கள்?"
திசரிக்குத் தெரியும், வாயைப் பொத்திக்கொண்டாள்.
எனக்கும் தெரியும்.
பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை.

கொய்யாக் கவை இரண்டு,
கரப்பந்து வலையின் கயிறு,
சைக்கிள் கொட்டிலின் தூண்.
என் பக்கம் இரக்கப்பட்டு வந்த மூன்று பேர்.
இழு என்று நான் கத்த
அதின் என்று அவர்கள் கத்த
பொருள் ஒன்றுதான், கயிறு அசையவில்லை.
கணக்கு சேர் எட்டிப் பார்த்துவிட்டு
பார்க்காதவர்போல் போனார்.

படக்.
"முறிஞ்சிற்று!"
கத்தியது நான்தான்.

மறுபடி வகுப்பு. வியர்வை நெடி.
மணியடிக்கப் பன்னிரண்டு நிமிடம்.
கொம்பு முறிந்தது: தன்வினை.
கொம்பை முறித்தார்கள்: பிறவினை.
"யார் முறித்தது?" நெதுலுக்குச் சந்தேகம்.
இரண்டு பக்கமும் இழுத்தது.
தூணும்தான் விட்டுக்கொடுக்கவில்லை.
இந்தப் பக்கத்து ஊர்களில்
உடைந்த எதற்கும் எழுவாய் கேட்டால்
இப்படித்தான் வாய் அடைத்துப்போகிறது.
"முறிந்தது என்றே எழுதுங்கள்" என்றேன்,
அது சரியான விடையா என்று தெரியாமல்.

தவணைப் பரீட்சை.
'ஒரு விழாவைப் பற்றி ஐந்து வசனம் எழுதுக.'
பதினொரு பேர் பொங்கல் உண்டிருந்தார்கள்.
ஒன்பது பேர் 'முறிஞ்சிற்று' என்று எழுதியிருந்தார்கள்.
பாடநூலில் இல்லாத சொல், என் வீட்டுச் சொல்.
வெட்டக் கை வரவில்லை. அரைப் புள்ளி போட்டேன்.

திசரியின் ஐந்தாம் வசனம்:
'ரீச்சரின் பக்கம் தோற்றது.'
வேற்றுமை உருபு சரி.
இறந்தகாலம் சரி.
தகவலும் சரி.